பெர்சா அக்காவிடம் இருந்த மீசைகள்

ஒரு பேரரசையே புறமுதுகு காட்டி ஓடவைத்த சிற்றூர்கள் உலகச் சரித்திரத்தில் மிகச் சில. அவற்றில் எங்கள் வெர்பிட்சாவும் ஒன்று. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்காம் வருஷம் டிசம்பர் மாதம், வியன்னாவிலிருந்து வந்த பெரும் பட்டாளத்தை எங்கள் ஊர்ப் பையன்கள் எல்லை தாண்டி விரட்டியடித்தார்கள். அடுத்த ஜனவரியில் அதே பையன்கள் பேனிடம் தோற்றுப்போனார்கள்.

நகர மண்டபத்துப் பளிங்குக் கல்லில் முதல் பாதி மட்டும்தான் செதுக்கப்பட்டிருக்கிறது. மீதிக்குக் கல்லில் இடம் போதவில்லையாம்.

நான் ராடோயே. சந்தை முக்கில் சலூன் வைத்திருக்கிறேன். செர்பியாவில் ஒரு மனிதனைப் பற்றிப் பாதிரியாருக்குத் தெரிந்ததைவிடச் சவரம் செய்கிறவனுக்குத்தான் அதிகம் தெரியும். பாதிரியாரிடம் அவன் தான் செய்த பாவத்தைச் சொல்கிறான். என்னிடம் செய்யாத வீரத்தையும் சேர்த்துச் சொல்கிறான்.

அந்த ஜனவரியில் பள்ளிக்கூடம்தான் ஆஸ்பத்திரி. முந்நூறு பேர் வைக்கோலில் கிடந்தார்கள். பேன் பரப்புகிற டைபஸ் காய்ச்சல். இருந்த இரண்டு டாக்டர்களில் ஒருவர் இறந்துபோனார், இன்னொருவர் முந்நூற்றோராவது ஆளாக வைக்கோலில் படுத்துவிட்டார். எஞ்சியது பெர்சிதா. படகுக்காரரின் மகள், வயது இருபத்தைந்து. எங்கள் ஜில்லாவில் நர்ஸ் வேலைக்குப் படித்துச் சான்றிதழ் வாங்கிய முதல் பெண். அதற்கு முந்தைய யுத்தத்துக்கு மாட்டுவண்டியில் ஏறிப் போனபோது, அவளை இனி எவன் கட்டுவான் என்று ஊரே கவலைப்பட்டது. அவள் ஒருத்தி மட்டும் கவலைப்படவில்லை. இன்றைக்கும் படுவதாகத் தெரியவில்லை. அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட இப்போது பெர்சா அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

நான் அங்கே சவரக் கத்தியோடு அமர்த்தப்பட்ட சிப்பாய். அக்கா வந்த முதல் நாள் மருந்தைக் கேட்கவில்லை. பீப்பாய் கேட்டார். வைக்கோலில் கிடந்தவர்களில் ஒருவரான சாராய வியாபாரி தனாசியேயின் கிடங்கிலிருந்து பிளம் சாராயப் பீப்பாய் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தோம். அடியில் துளை போட்டு, கொதிக்கிற அண்டாவின் மேல் நிறுத்தி, உள்ளே சட்டை, கால்சட்டை, கம்பளி எல்லாவற்றையும் தொங்கவிட்டு மூடினார். ஒரு மணி நேரத்தில் பேன் வெந்துவிடும். துணியில் சாராய வாடை தங்கிவிடும். அந்த வாடைக்காகவே பையன்கள் இரண்டு தடவை வரிசையில் நின்றார்கள்.

தலைமுடியை மழித்தோம், பேசாமல் இருந்தார்கள். அக்குளை மழித்தோம், நெளிந்தார்கள். மற்ற இடங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டார்கள். மீசைக்கு வந்ததும் முந்நூறு பேரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். எழ முடியாதவன்கூட எழுந்தான்.

எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை சத்தியம் செய்வது மீசையைத் தொட்டுத்தான். மீசை இல்லாத சத்தியத்துக்குச் சாட்சி கிடைக்காது. சார்ஜென்ட் வுகாஷின், நூற்றுமூன்று டிகிரி காய்ச்சலில், தலையணைக்கு அடியிலிருந்து துப்பாக்கியை எடுத்துவிட்டார்.

"என் பொணத்துக்கு வேணா சவரம் பண்ணு. மீசையோட பொறந்தேன், மீசையோட போறேன்."

"மீசையோட பொறந்தியா? உங்கம்மா ரொம்ப பயந்திருப்பாங்களே" என்றார் அக்கா. பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "எடுத்து எறியப் போறேன்னு யார் சொன்னது? ஒரு உறையில போட்டு, மேல உன் பேரை எழுதி, பத்திரமா வச்சிருக்கேன். சண்டை முடிஞ்சதும் வந்து வாங்கிக்க" என்றார்.

வுகாஷின் துப்பாக்கியை மடியில் இறக்கி வைத்தார். "பேரோட?"

"பேரு, படைப்பிரிவு, ஊரு. எல்லாத்தோட."

தபால் ஆபீசிலிருந்து முந்நூறு உறைகள் வந்தன. ஒவ்வொருத்தன் கண் முன்னாலும் அக்கா அழகான கையெழுத்தில் பெயர் எழுதி, மீசையைப் போட்டு, நாக்கு படாமல் தண்ணீர் தொட்டு ஒட்டினார். மூன்று நாளில் ஒரு மீசைகூட இல்லை. உறைகளை ஒரு கூடையில் அள்ளிக்கொண்டு அக்கா அண்டா இருந்த கொட்டகைக்குப் போனார். நான் விறகு தள்ளிக்கொண்டிருந்தேன். கூடையை அப்படியே அடுப்பில் கவிழ்த்தார். பொசுங்கிய நாற்றத்தில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"என்னக்கா இப்படி…"

"உறைக்குள்ள ஊர்றது உனக்குக் கேக்கலையா? விறகைத் தள்ளு."

முந்நூறில் இருநூற்று அறுபது பேர் பிழைத்தார்கள். அந்த மாதம் அக்கம்பக்கத்து ஆஸ்பத்திரிகளின் கணக்கைத் தெரிந்தவர்கள் இந்த எண்ணைக் கேட்டால் தொப்பியைக் கழற்றுவார்கள். ஈஸ்டருக்குள் புது மீசை வளர்ந்துவிட்டதால், பழையதை வாங்க யாரும் வரவில்லை. ஆனால் யாரும் மறக்கவும் இல்லை. 'என் மீசை பெர்சா அக்காகிட்ட இருக்கு' என்று சொல்லிக்கொள்வதுதான் எங்கள் ஊரில் பெரிய பதக்கம். சர்க்கார் கொடுத்த பதக்கத்தையாவது எவனாவது பணம் கொடுத்து வாங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் உண்டு.

இப்போது வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது. வுகாஷின் எங்கள் நகராட்சித் தலைவர். மேடை ஏறினால், கொட்டுகிற பீரங்கிக் குண்டுகளுக்கு நடுவே அக்கா தன்னைத் தோளில் தூக்கிப்போன கதையைச் சொல்வார். வருஷத்துக்கு இரண்டு குண்டு கூடும். தனாசியே இன்னும் சாராய வியாபாரிதான். ஆனால் பலகையில் 'ஏற்றுமதியாளர்' என்று இருக்கிறது. சங்கீத சங்கத்துக்கும் அவர்தான் தலைவர்.

அக்காவுக்கு நாற்பதாகிறது. வயிறு குலுங்கச் சிரிப்பார், காப்பியில் நாலு கட்டி சர்க்கரை போடுவார். மலைக் கிராமங்களிலிருந்து ஆறு பெண்களைக் கூட்டிவந்து நர்ஸ் வேலை கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஆறு பேரும் அக்காவின் இரண்டு அறை வீட்டில், ஒருத்தி காலடியில் இன்னொருத்தி தலை என்று படுத்துக் கிடந்தார்கள். ஜில்லா சுகாதார அதிகாரி வந்து பார்த்தார். தனிக் கட்டடம், கிணறு, ஆளுக்கு ஒரு கட்டில். இவை வேண்டும், புனித ஜார்ஜ் திருநாளுக்குள் இல்லையென்றால் பெண்கள் ஆறு பேரும் அவரவர் கிராமத்துக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆற்றங்கரையில் பழைய சுங்க வீடு சும்மா கிடந்தது. கிணறு உண்டு, பெரிய கூடம் உண்டு. அதைச் சங்கீத சங்கத்துக்குத் தருவதாகப் பேச்சு.

திருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு காலை, தலைவர் என் நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு சாய்ந்திருந்தார். தனாசியே தன் முறைக்குக் காத்திருந்தார். கதவைத் திறந்துகொண்டு அக்கா உள்ளே வந்தார்.

தனாசியே பதறி எழுந்தார். "என்னக்கா இது! ஆம்பளைங்க சவரம் பண்ற எடம்."

"உன்னை முழுசாவே சவரம் பண்ணிப் பாத்தவ நான். உக்காரு, தனாசியே. தலைவரே, சுங்க வீட்டுச் சாவி வேணும்."

"சங்கத்துப் பியானோ வந்து எறங்கியாச்சுக்கா" என்றார் தனாசியே. "கொட்டாயில கெடக்குது. கோழி அதுல முட்டை வைக்குது."

"கோழியாவது அதுக்கு ஒரு பிரயோஜனம் கண்டுபிடிச்சுதே."

தலைவர் நுரைக்குள்ளிருந்து கையை உயர்த்தினார். மேடையில் உயர்த்துகிற அதே கை. "ரெண்டு பேரும் கேளுங்க. எல்லாம் யோசிச்சு வச்சுட்டேன். திருநாளுக்கு பெல்கிரேடுலேருந்து மந்திரி வர்றாரு. நாம பட்டாளத்தை விரட்டினதுக்குப் பதினஞ்சாவது வருஷம். நகர மண்டபத்துல ஒரு கண்ணாடிப் பெட்டி. அதுல என்ன வைக்கப் போறோம்? வாளா? வாள் எல்லா ஊர்லயும் இருக்கு. நாம மீசையை வைக்கிறோம்!"

என் கத்தி ஒரு நூல் நழுவியது. தலைவரின் தாடையில் ஒரு துளி ரத்தம். யுத்தத்தின்போதுகூட அவருக்கு அவ்வளவு வந்ததில்லை.

"அந்த உறைங்களை எடுத்துக் குடுங்கக்கா. முந்நூறும் வேணாம். ஊர்ல இப்ப உசிரோட இருக்கிற எங்க இருபத்திரெண்டு பேரோடது போதும். நீங்க மீசையக் குடுங்க, நான் வீட்டைக் குடுக்கறேன்."

"என் பியானோ?" என்றார் தனாசியே.

"உன் மீசையை நடுவுல வைக்கிறேன்."

தனாசியே பியானோவைப் பற்றி அதற்குமேல் பேசவில்லை.

அக்கா என்னைப் பார்த்தார். நான் சோப்புக் கிண்ணத்தைப் பார்த்தேன். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நேராகவே சொன்னார்: "வுகாஷின், அதையெல்லாம் அன்னிக்கே அடுப்புல போட்டு எரிச்சுட்டேன்."

தலைவரும் தனாசியேவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நுரை கண்ணாடி வரைக்கும் தெறித்தது.

"பேரம் பேசறாங்கய்யா அக்கா!" என்றார் தலைவர். "என் பேரை நீங்க எழுதினதை இந்தக் கண்ணால பாத்தேன்."

"எழுதினேன். அப்புறம் எரிச்சேன். பேன் ஊர்ந்துச்சு."

தலைவரின் சிரிப்பு நின்றது. "என் மீசையிலயா? பேனா? மத்தவனுக்கு இருந்திருக்கும்."

"எனக்கு இல்ல" என்றார் தனாசியே அவசரமாக.

"பாருங்கக்கா, நீங்க பெரிய மனுஷி. அதுக்காக எது வேணா சொல்லலாம்னு இல்ல. திருநாளுக்கு ரெண்டு நாள் முன்னாடி மீசை வரணும். வரலேன்னா பியானோ வீட்டுக்குள்ள போகும்."

அன்று மாலை அக்கா வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் ஆறு பெண்களும் ஒருத்திக்கொருத்தி கட்டுப்போட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ரூஜா என்பவள், குட்டையான, முன்பல் உடைந்த பெண், வழக்கப்படி விருந்தாளிக்கு ஒரு கரண்டி பழப்பாகும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்துவிட்டு, பாடம் படிக்கிற பழக்கத்தில் என் தலையையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனாள்.

"சிரிக்கறீங்களேக்கா. இதுங்க ஆறும் ஊருக்குப் போயிடுமே."

அக்காவின் சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. "ரூஜாவுக்கு அவங்கப்பன் மாப்பிள்ளை பாத்து வச்சிருக்கான். அம்பத்தோரு வயசு. போனா அதோட சரி." காப்பியைக் கலக்கினார். "அதுக்காக நான் இன்னொரு பொய் சொல்ல மாட்டேன் ராடோயே. அன்னிக்குச் சொன்ன பொய்க்கு இருநூத்தி அறுபது உசிரு கெடச்சுது. எனக்கு அதுவே போதும். இன்னிக்கு உண்மையச் சொல்லிட்டேன், ரெண்டு பேர் சாட்சி."

"நம்பலையே."

"அது அவங்க பாடு." ஒரு வாய் குடித்தார். "உன் கடையில நீ பெருக்கற முடி எங்க போகுதுன்னு நான் எப்பவாவது கேட்டிருக்கேனா?"

"இல்லீங்கக்கா."

"இனியும் கேக்க மாட்டேன்."

அந்த வாரம் பட்டாளத்துக்குப் புதுப் பையன்கள் வந்திருந்தார்கள். முகாமில் அறுபது தலைகளை மொட்டையடித்தேன். கறுப்பு, செம்பட்டை, வைக்கோல் நிறம் என்று எல்லாம் கிடைத்தது. காவல்காரன் பார்க்காமல் வெளியே கொண்டுவர ஒரே வழிதான் இருந்தது. முடியை என் ஆட்டுத்தோல் தொப்பிக்குள் திணித்து, தலையில் மாட்டிக்கொண்டு நடந்துவிட்டேன். மூன்று நாள், மூன்று தொப்பி. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, நூலால் கட்டி, மெழுகு தடவி, சூட்டுக்கம்பியில் சுருட்டி இருபத்திரண்டு மீசை செய்தேன். வேலை என்றால் வேலை. அவற்றில் சில, அந்தந்த மனிதனுக்குக் கடவுள் கொடுத்ததைவிட நன்றாகவே அமைந்துவிட்டன.

உறைக்குத்தான் வழியில்லை. அக்காவின் கையெழுத்தைப் போட எனக்கு மனம் வரவில்லை. ஆகவே ஒரு பெட்டியில் எல்லாவற்றையும் சும்மா அடுக்கி, இருபத்திரண்டு பேரும் இருந்த விழாக் குழுவின் முன் வைத்து, "உறைங்களை எலி தின்னுடுச்சுங்க. மீசையைத் தொடலை" என்றேன்.

"எலிக்கும் மரியாதை தெரியுது பாரு" என்றார் தலைவர்.

பெயர் இல்லாததால் யாருடையது எது என்று தெரியாதே என்று நான் பயந்தது வீண். இருபத்திரண்டு பேரும் அவரவர் மீசையைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொண்டார்கள். தலைவர் ஒரு பெரிய கறுப்பு மீசையைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அதே வளைவு… அதே வளைவுய்யா. எங்க அப்பாவோட வளைவு."

"மன்னிக்கணும் தலைவரே" என்றார் தனாசியே. "அது என்னோடது."

"உன்னுதா? உனக்கு அன்னிக்கு மூக்குக்குக் கீழ அழுக்குதானய்யா இருந்துச்சு!"

"அழுக்கா? என் பீப்பாய்லதானே உன் கால்சட்டை வெந்துச்சு!"

"அந்தச் சாராய வாடை போக எனக்கு மூணு மாசம் ஆச்சு!"

"போகாம இருக்கத்தானே மறுபடி வரிசையில நின்ன!"

மூன்றாவதாக ஆலைக்காரர் ஒருவரும் அதே மீசைக்கு உரிமை கொண்டாடினார். அவர் செம்பட்டை முடிக்காரர். வயதான பிறகு நிறம் மாறிவிட்டது என்றார். கடைசியில் பெரிய மீசை தலைவருக்கு, பெட்டியின் நடு இடம் தனாசியேவுக்கு, ஆலைக்காரருக்கு இருப்பதிலேயே நீளமானது என்று சமாதானம் ஆயிற்று. அன்றைக்கே தலைவர் சுங்க வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். அழுதுகொண்டே போட்டதால் மை கொஞ்சம் பரவிவிட்டது.

திருநாளன்று வாசல்தோறும் அலங்காரத்துக்குச் செருகிய வில்லோ மரக்கிளை. தெருவெல்லாம் ஆட்டிறைச்சி வறுபடும் வாசனை. மந்திரி காரில் வந்து இறங்கினார். சங்கீத சங்கம் பியானோ இல்லாமலே பாடியது. பியானோ இருந்திருந்தால் கேட்காமல் தப்பியிருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். தலைவர் பேசினார். இந்தத் தடவை குண்டுகள் முப்பத்தெட்டு. மந்திரி கண்ணாடி மூடியைத் திறக்கச் சொல்லி, குனிந்து, ஆலைக்காரரின் மீசையை பக்தியோடு முத்தமிட்டார். நான் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"அம்மா, இவற்றை இத்தனை காலம் எப்படிக் காப்பாற்றினீர்கள்?" என்று அக்காவிடம் கேட்டார் மந்திரி.

"நான் எங்க காப்பாத்தினேன்? எரிச்சுட்டேன்னு சொன்னேன். யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

மந்திரி தன் காரியதரிசியிடம் திரும்பி, "எழுதிக்கொள்ளுங்கள். அடக்கம்" என்றார்.

பிறகு எல்லோரும் சுங்க வீட்டுக்கு நடந்தோம். சுவரில் சுண்ணாம்பு இன்னும் ஈரம். ஆறு கட்டில், ஆறு வெள்ளை விரிப்பு. கிணற்று வாளி பளபளத்தது. ஆறு பெண்களும் வெள்ளை உடையில், விறைப்பாக, பயத்தில் காதுகள் சிவந்து நின்றார்கள். சுகாதார அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"கட்டடம் சரிதான். கட்டில் சரிதான். ஆனா கட்டிலுக்கா நான் கையெழுத்துப் போடறது? இந்தப் பொண்ணுங்களுக்கு என்ன தெரியும்னு பாக்கணும். ஏதாவது செஞ்சு காட்டட்டும்."

அக்காவின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு இல்லை. மூன்று மாதமாகத்தான் கற்றுக்கொள்கிறார்கள். அவருடைய கை ஏப்ரனைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ரூஜா, தலை பாக்கிறது காட்டு" என்றார்.

ரூஜா சீப்பையும் வெள்ளைத்தாளையும் எடுத்துக்கொண்டு வந்தாள். பார்ப்பதற்கு ஒரு தலை வேண்டும். கூட்டத்தைப் பார்த்தாள். தலைவர் ஓர் அடி பின்னால் போனார். தனாசியே இரண்டு அடி போனார். மந்திரி கூரை உத்தரத்தை ஆராய ஆரம்பித்தார்.

இப்படிப்பட்ட சமயத்தில்தான் ஒரு மனிதனின் தரம் தெரியும். இந்த வீடு கிடைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைசி நிமிஷத்தில் ஒரு தலை இல்லாமல் அது கெட்டுப்போக விடுவதா? நான் முன்னால் போய் நாற்காலியில் உட்கார்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"என் தலையைப் பாரும்மா. இருபத்தெட்டு வருஷமா ஊர்த் தலையெல்லாம் சுத்தமா வச்சிருக்கறவன் நான். சுத்தமான தலைன்னா எப்படி இருக்கும்னு அதிகாரி ஐயாவுக்குக் காட்டு."

"தொப்பியக் கழட்டுங்கண்ணே" என்றாள் ரூஜா.

கழற்றினேன். அவள் முடியை வகிடு வகிடாகப் பிரித்தாள். காதுக்குப் பின்னால், பிடரியில், உச்சியில் என்று ஒரு இடம் விடவில்லை. பொறுமையாகச் சீவித் தாளில் தட்டினாள். கை நடுங்கவே இல்லை. அதிகாரி அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணு" என்றாள் ரூஜா. "ரெண்டு. மூணு."

"என்னம்மா ரெண்டு மூணு?" என்றேன்.

"ஆடாம இருங்கண்ணே, ஓடுது."

அதிகாரி தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை. "ஊர்ப் பெரிய மனுஷன், சலூன்காரன்னு பாக்காம, இருக்கறதை இருக்குன்னு சொல்லுது பாருங்க. இதுதான் வேணும். இதுதான்யா பயிற்சி!" என்று சொல்லி, அங்கேயே பேனாவை எடுத்து அனுமதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். பெண்கள் ஆறு பேரும் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டார்கள். அக்கா கிணற்றடிக்குப் போய்த் திரும்பி நின்றுகொண்டு, தோள் குலுங்கக் குலுங்க நெடுநேரம் நின்றார். மந்திரி அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டு, காரியதரிசியை எழுதச் சொன்னார்.

மாலைக்குள் பியானோவின் கோழி முட்டைகளில் ஒரு கூடையைத் தனாசியேவே அக்காவின் நர்ஸ் பள்ளிக்கு அனுப்பிவைத்தார். ரூஜாவின் அப்பா ஆட்டுக்கறி தின்ன வந்தவர், மகளை மந்திரி கைகுலுக்கியதைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளைப் பேச்சை எடுக்காமலே வண்டி ஏறினார்.

பள்ளியின் புதுப் பதிவேடு இப்போதும் கூடத்து அலமாரியில் இருக்கிறது. முதல் பக்கம், முதல் வரி, ரூஜாவின் கையெழுத்து. நோயாளி: ராடோயே, சலூன்காரர். பேன், பதினொன்று. ஈர், எண்ணவில்லை.